எல்லையோரப் பயிர்கள் 14: டூரோ நதிக்கரையும் கம்பம் பள்ளத்தாக்கும்

சென்ற அத்தியாயத்தை 1897-ல் நிறுத்தியிருந்தோம். கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி பிறந்த ஆண்டு அது. பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் 1877-ல் ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய மலையும், 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் ஏ.எச். ஷார்ப் நட்ட முதல் தேயிலையும், போடியிலிருந்து மலையேறிப்போன தமிழ்க் கூலிகளின் உழைப்பும் கடைசியில் ஜேம்ஸ் ஃபின்லே என்ற கம்பெனியின் கணக்கில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தோம். ஃபின்லே குடும்பம் 1750-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொழில் தொடங்கியது. பருத்தித் துணியில் சம்பாதித்த பணம்தான் பின்னாளில் இடுக்கி மலையில் தேயிலையானது.

அதே கிளாஸ்கோவில் கிரஹாம் என்று இன்னொரு துணி வியாபாரக் குடும்பமும் இருந்தது. அவர்களுக்குப் பம்பாயிலும் வியாபாரம் உண்டு, போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரத்திலும் உண்டு. 1820-ல் போர்ட்டோவில் ஒருவர் தர வேண்டிய கடனைப் பணமாகத் தர முடியாமல் 27 பீப்பாய் ஒயினாகத் தந்தார். வில்லியம், ஜான் கிரஹாம் சகோதரர்கள் வேறு வழியில்லாமல் அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பினார்கள். பணத்துக்குப் பதில் பீப்பாயா என்று தலைமை அலுவலகம் முதலில் கோபித்துக்கொண்டதாக அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். பீப்பாய்கள் விற்றுத் தீர்ந்ததும், இன்னும் அனுப்புங்கள் என்று கடிதம் வந்ததாம். டபிள்யூ அண்ட் ஜே கிரஹாம் என்ற பெயர் இன்று உலகின் முதல் வரிசைப் போர்ட் ஒயின் கம்பெனிகளில் ஒன்று.

ஒரே நகரத்துத் துணி வியாபாரிகளில் ஒருவர் தேயிலைக்குப் போனார், இன்னொருவர் திராட்சைக்குப் போனார். தேயிலை விளைந்த அந்த மலையின் கிழக்கு அடிவாரத்தில், குமுளியிலிருந்து இறங்கினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில், ஏக்கர் ஏக்கராகத் திராட்சை விளைகிறது. அங்கிருந்து ஏன் அப்படி ஒரு பெயர் எழவில்லை? இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான். விடை தேட முதலில் போர்ச்சுக்கலுக்குப் போய்வர வேண்டும்.

கல் தொட்டியில் கால்கள்

டூரோ நதி ஸ்பெயினில் பிறந்து போர்ச்சுக்கல் வழியாக அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக, நதியின் இரு கரையிலும் செங்குத்தான மலைச்சரிவுகள். மண் என்று சொல்ல அதிகமில்லை. ஏடு ஏடாகப் பிளக்கும் பாறைதான். அந்தப் பாறையை உடைத்து, கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாகத் தளம் கட்டினார்கள். இந்த வேலைக்கு வடக்கே கலீசியாவிலிருந்து கூலிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நம் மலையோரத்தில் எஸ்டேட் போட்டவர்கள் பெயர் நிற்கிறது, காடு வெட்டியவர் பெயர் நிற்கவில்லை. டூரோவிலும் அப்படித்தான்.

செப்டம்பரில் அறுவடை. பறித்த பழத்தை லகார் என்ற கருங்கல் தொட்டியில் கொட்டுவார்கள். ஆணும் பெண்ணும் தொடை வரை பழக்கூழில் இறங்கி, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக நிற்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் ஒருவர் எண்ணிக்கை சொல்ல எல்லாரும் ஒரே தாளத்தில் மிதிக்க வேண்டும், பேச்சே கூடாது. அதன் பிறகு வாத்தியம் வரும். வரிசை கலைந்து ஆட்டமும் பாட்டுமாக மிதிப்பார்கள். தோலின் நிறமும் சாரமும் முழுக்க இறங்க வேண்டும், ஆனால் விதை உடைந்து கசப்பு ஏறிவிடக் கூடாது. அதற்கு மனிதப் பாதம் போல இன்னொன்றில்லை என்று பல கம்பெனிகள் இன்றும் தங்கள் உயர்ந்த சரக்குக்குக் கால் மிதியையே வைத்திருக்கின்றன.

சாறு புளிக்கத் தொடங்கி, அதிலுள்ள சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி சாராயமாக மாறியதும் சாற்றை வடித்து, திராட்சையிலிருந்தே காய்ச்சிய 77 சதவீதச் சாராயத்தோடு சேர்ப்பார்கள். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் என்பது பழைய கணக்கு. இரண்டும் சேர்ந்து 550 லிட்டர், ஒரு பீப்பாய். சாராயம் பட்டதும் சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துவிடும். மீதி இனிப்பு அப்படியே தங்கிவிடும். சாதாரண ஒயினைவிடப் போர்ட் இனிப்பாகவும் ஏறத்தாழ 20 சதவீத வீரியத்தோடும் இருப்பதற்குக் காரணம் இதுதான். கப்பல் குலுக்கலையும் நீண்ட பயணத்தையும் அது தாங்கியதும் இதனால்தான்.

எல்லைக்கல் நட்ட அமைச்சர்

இங்கிலாந்துக்காரர்கள் போர்ட்டோவுக்கு வந்ததற்கு அரசியலும் காரணம். பிரான்ஸோடு அடிக்கடி போர். பிரெஞ்சு ஒயின் கிடைப்பது கடினமானது. 1703-ல் போட்ட மெத்துவன் ஒப்பந்தப்படி, இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுக்கலுக்குள் தடையில்லாமல் போகும். போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரி. வாரே, டெய்லர், கிராஃப்ட் என்று இன்றும் புட்டிகளில் நாம் பார்க்கும் பெயர்கள் பல அந்தக் காலத்தில் வேர்விட்ட குடும்பங்கள்தாம்.

விற்பனை பெருகியதும் கலப்படமும் பெருகியது. மட்டமான ஒயினில் சர்க்கரை சேர்த்தார்கள், நிறத்துக்கு எல்டர் என்ற புதரின் பழத்தைப் பிழிந்து ஊற்றினார்கள். லண்டனில் பெயர் கெட்டது, விலை சரிந்தது. அப்போது போர்ச்சுக்கலின் முதன்மை அமைச்சராக இருந்தவர் பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர். 1756-ல் அவர் அரசுக் கம்பெனி ஒன்றை நிறுவி, எந்தச் சரிவில் விளைந்த ஒயின் ஏற்றுமதிக்குத் தகுதியானது என்று எல்லை வகுத்தார். அந்த எல்லையில் முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் தூண்கள் நடப்பட்டன. எல்லைக்குள் எல்டர் மரம் ஒன்றுகூட நிற்கக் கூடாது என்று வேரோடு பிடுங்கவைத்தார். ஒரு விளைபொருளின் பெயரை அது விளையும் நிலத்தோடு சட்டப்படி கட்டிப்போட்ட உலகின் மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று.

அந்தச் சட்டம் எல்லாருக்கும் நல்லதாக இருக்கவில்லை. கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757 பிப்ரவரியில் போர்ட்டோவின் மதுக்கடைக்காரர்களும் ஏழை மக்களும் தெருவில் இறங்கினார்கள். பொம்பால் இரக்கம் காட்டவில்லை; பலர் தூக்கிலிடப்பட்டார்கள். போர்ட்டின் புகழைப் பாடும்போது அந்த ரத்தத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பெயர் போட மறுத்த ஆண்டுகள்

போர்ட் வகைகளில் முடிசூடியது விண்டேஜ் போர்ட். ஒரே ஆண்டின் அறுவடை, அதிலும் பொறுக்கி எடுத்த பழம். இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் இடையில் வடிகட்டாமல் புட்டியில் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் அது புட்டிக்குள்ளேயே முதிரும். புட்டியைப் படுக்கவைத்து, மேல்பக்கம் எது என்று தெரிய ஒரு சுண்ணாம்புக் கோடு இழுப்பது பழைய வழக்கம். எத்தனை முறை இடம் மாற்றினாலும் கோடு மேலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும். மிகப் பழைய புட்டியில் தக்கை உதிர்ந்துபோயிருக்கும், திருகாணி போட்டு இழுக்க முடியாது. இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சிப் புட்டியின் கழுத்தைப் பிடித்து, உடனே ஈரத்துணியால் ஒற்றுவார்கள். கழுத்து சுத்தமாக வெட்டுப்பட்டுத் தனியே வரும்.

ஒரு கம்பெனி ஒவ்வோர் ஆண்டும் விண்டேஜ் என்று அறிவித்துவிடுவதில்லை. பத்து ஆண்டில் சராசரியாக மூன்று முறைதான். பழம் சிறந்திருக்க வேண்டும். அரசு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். சந்தையும் பார்க்க வேண்டும். 1945, 1963, 1977, 1994, 2011 ஆகியவை பெரிதாகப் பேசப்படும் ஆண்டுகள். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளைப் பல கம்பெனிகள் அறிவித்தது அபூர்வம். 1931 மிக நல்ல ஆண்டு. ஆனால் உலகப் பொருளாதார மந்தம். 1927-ன் சரக்கே விற்காமல் கிடந்தது. பெரும்பாலான கம்பெனிகள் அறிவிக்கவில்லை. துணிந்து அறிவித்த கின்டா டோ நோவல் அந்த ஒரே ஆண்டால் உலகப் புகழ் பெற்றது.

நல்ல பழம் கையில் இருந்தும் இந்த ஆண்டு என் பெயரை இதில் போட மாட்டேன் என்று சொல்ல ஒரு வியாபாரிக்குப் பெரிய மனத்திடம் வேண்டும். அதைவிட, காத்திருக்கக் கையில் முதல் வேண்டும், கிடங்கு வேண்டும், கெடாத சரக்கு வேண்டும். நதியின் முகத்துவாரத்தில் வில்லா நோவா டி காயா என்ற ஊர் முழுக்கக் கிடங்குகள் நிற்பதன் பொருள் இதுதான். காத்திருக்கக்கூடியவன் விலை சொல்கிறான். காத்திருக்க முடியாதவன் விலை கேட்கிறான்.

காத்திருக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர்களும் அல்லர், ஆண்களும் அல்லர். 1811-ல் பிறந்த டோனா அன்டோனியா ஃபெரைரா முப்பத்து மூன்றாம் வயதில் கணவரை இழந்து, குடும்ப கம்பெனியைத் தாமே ஏற்று, இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆனார். 1861-ல் டூரோவின் வலேரா சுழலில் அவர் சென்ற படகு கவிழ்ந்தது. டூரோவுக்கு முதன்முதலில் நுட்பமான வரைபடம் போட்ட ஜேம்ஸ் ஃபாரஸ்டர் அந்த விபத்தில் மூழ்கி இறந்தார். டோனா அன்டோனியா பிழைத்தார். சில ஆண்டுகளில் ஃபிலாக்சரா என்ற பூச்சி டூரோவின் கொடிகளை வேரோடு தின்றபோதும் அவர் நிலத்தை விட்டு ஓடவில்லை. 1896-ல் இறக்கும்வரை நட்டுக்கொண்டே இருந்தார். டூரோ மக்கள் அவரை இன்றும் அன்போடு ஃபெரைரினியா என்கிறார்கள்.

கிரஹாம் கதையும் ஒரு திருப்பத்தோடு முடிகிறது. 1882-ல் அந்தக் கம்பெனியில் வேலைக்கு வந்த ஸ்காட்லாந்து இளைஞர் ஆண்ட்ரூ ஜேம்ஸ் சிமிங்டன். 1970-ல் அவருடைய வாரிசுகளே கிரஹாம் கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். கண்ணன் தேவன் மலையிலுள்ள மூணாறிலும் 2005-ல் தேயிலைத் தோட்டங்கள் டாடாவிடமிருந்து தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள புதிய கம்பெனிக்கு மாறின. ஆனால் பங்குப் பத்திரம் மட்டும் போதவில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே திரண்டு சாலையில் அமர்ந்ததை மறக்க முடியாது.

பந்தலுக்கு அடியில்

இனி மலையிறங்குவோம். குமுளிக் கணவாய்க்குக் கிழக்கே கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று திராட்சைப் பந்தல்கள். இந்த நிலத்துக்கு உயிர் கொடுத்தது மேற்கே இடுக்கியிலிருந்து வரும் தண்ணீர். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது; கர்னல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆறு மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது.

இங்கு விளைவது பன்னீர்த் திராட்சை. அறிவியலில் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். தோல் மெல்லியது, விதை உண்டு, வாய்க்குள் போட்டதும் பன்னீர் மணம். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று இதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு ஒயின் வேண்டும். மெக்சிகோ, கலிபோர்னியா என்று பாதிரிமார்கள் போன பல இடங்களுக்குத் திராட்சைக் கொடியும் கூடவே போயிருக்கிறது.

டூரோவில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. கம்பத்தில் கொடிக்கு உறக்கமே இல்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் பந்தல். கவாத்துப் பண்ணும் நாளில் கத்தரிக்கோலோடு அண்ணாந்து நின்றபடி, எத்தனை கணு விட்டு வெட்ட வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தில் பார்ப்பார்கள். ஒரு கணு கூடக் குறைய வெட்டினால் இலை மட்டும் வரும், கொத்து வராது. வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. அதனால் ஆண்டுக்கு இரண்டு வெட்டு நிச்சயம். ஒரு தோட்டத்தில் பழம் கனியும்போது பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் துளிர் விடும். ஆண்டு முழுவதும் இந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது பழம் இருந்துகொண்டே இருக்கும்.

இது பெரிய வரம். அதே நேரம், இந்த ஆண்டின் பழம் என்று சொல்ல இங்கு ஓர் ஆண்டே இல்லை. விண்டேஜ் என்ற ஏற்பாடு இந்த மண்ணில் அப்படியே ஒட்டாது. பன்னீர்த் திராட்சையின் மெல்லிய தோல் இன்னொரு தடை. பறித்த சில நாட்களில் காம்பு காய்ந்து மணி உதிரத் தொடங்கும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் ஏறும். வியாபாரி தோட்டத்துக்கே வந்து கிலோவுக்கு ஒரு விலை சொல்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும் தெம்பு விவசாயிக்கு இல்லை. அன்றைக்கே வெட்டி, பெட்டியில் அடுக்கி, குமுளி வழியாகக் கோட்டயம், எர்ணாகுளம் சந்தைக்கு லாரி ஏற வேண்டும்.

வடக்கே பாலக்காட்டு எல்லையிலும் இதே கதைதான், சரக்கு வேறு. சித்தூர் வட்டாரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத் தென்னந்தோப்புகளிலிருந்து இறங்கும் கள்ளை வண்டிகள் விடியற்காலையில் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு ஏற்றிப் போகின்றன. எல்லைக்கு இப்புறம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அப்புறம் கேரளத்தில் அது அரசு அனுமதி பெற்ற தொழில். மரத்திலிருந்து இறங்கிய நிமிடத்திலிருந்து புளிக்கும் பொருளுக்குக் கிடங்கு கிடையாது. அதை வைத்து யாரும் நூறாண்டுப் பெயர் எழுப்பவில்லை. உலர்ந்த தேயிலை காத்திருக்கும், அதனால் ஃபின்லே பெயர் நின்றது. பன்னீர்த் திராட்சையும் கள்ளும் காத்திருக்காது. என் கேள்விக்கு இந்த எல்லையோரம் தரும் விடை இதுதான்.

கிண்டியில் இருக்கும் பதிவேடு

இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பொம்பால் நட்ட கருங்கல் தூண்களின் வாரிசான போர்ட்டோ, டூரோ ஆகிய பெயர்கள் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சையும் ஏறியது. பாலக்காடன் மட்டை அரிசி, அட்டப்பாடி துவரை, மறையூர் வெல்லம் என்று நம் எல்லையோரத்துப் பயிர்கள் பலவும் அதே பதிவேட்டில் உள்ளன. ஏட்டில் போர்ட்டோவும் கம்பமும் சம அந்தஸ்து பெற்றவை.

ஏட்டில் பெயர் ஏறியது பாதி வேலை. எல்லைக்கல் நட்டதும் போர்ட்டின் பெயர் தானாக உயர்ந்துவிடவில்லை. தரம் குறைந்த சரக்குக்குப் பெயர் தர மறுத்த அமைப்பும், ஆண்டுக்கு எவ்வளவு போர்ட் செய்யலாம் என்று அளவு நிர்ணயிக்கும் முறையும், காயாவின் கிடங்குகளும் சேர்ந்துதான் உயர்த்தின. அங்கும் லாபம் சமமாகப் பங்கிடப்படவில்லை. பெயர் கம்பெனிகளிடம் இருந்தது, பழம் சிறு விவசாயிகளிடம் இருந்தது. கம்பம் அந்தப் பிழையை முதலிலேயே தவிர்க்கலாம். பெயரும் கிடங்கும் விவசாயிகளின் கூட்டு நிறுவனத்திடமே இருக்கட்டும்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. தமிழ்நாட்டில் ஒயின் தயாரிப்புக்கான விதிகள் 2006-லேயே வந்துவிட்டன. கேரளம் பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு 2022-ல் விதி வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப் பழம், அன்னாசி போன்றவற்றிலிருந்து நிலா என்ற பெயரில் ஒயின் செய்து காட்டியிருக்கிறது. மதுவே வேண்டாம் என்பவர்கள் பழரசம் செய்யலாம். பன்னீர்த் திராட்சையின் மணம் சாற்றில்தான் முழுமையாக வெளிப்படும். பள்ளத்தாக்கிலேயே குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் ஆலையும் விவசாயிகளின் சொந்தப் பொறுப்பில் நின்றால், வியாபாரி சொல்லும் முதல் விலைக்கு மறுநாள் பதில் சொல்லலாம். மழையில் வெடித்த பழத்தையும், இனிப்பு ஏறாமல் பறித்த பழத்தையும் கம்பம் என்ற பெயரில் வெளியே விட மாட்டோம் என்று அந்த நிறுவனம் ஓர் ஆண்டாவது உறுதியாக நிற்க வேண்டும். முதல் ஆண்டு நட்டம் வரும். அந்த நட்டத்தைத் தாங்க மாநில அரசும் கூட்டுறவு வங்கியும் கைகொடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோட்டயத்திலோ மதுரையிலோ பாலக்காட்டிலோ கறுப்புத் திராட்சை வாங்கும்போது, இது கம்பம் பன்னீரா, எந்த ஊர்த் தோட்டம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அவர் தோட்டத்தில் கேட்பார். விளைந்த நிலத்தின் பெயருக்கு மதிப்பு வருவது வாங்குகிறவர் அதைக் கேட்கத் தொடங்கும்போதுதான்.

(அடுத்த இதழில்: மறையூர் வெல்லமும் அஞ்சுநாட்டுக் கரும்பும்)